சர்க்கரை, ஸ்டென்ட், பீடி: இவ்வளவும் இருக்கும்போது லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்கலாமா?

அத்தாவுக்கு 64 வயது, கீழக்கரையில் இருக்கிறார், சர்க்கரை உண்டு, இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்து எட்டு மாதம், பீடியை விடவில்லை, பித்தப்பைக் கல்லால் அடிக்கடி வலி என்று கேட்டிருக்கிறீர்கள். லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமரா விட்டு, பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் எப்போது என்பதைத் தீர்மானிப்பது கல்லை விட அவர் சாப்பிடும் மாத்திரைகள்தான்.

முதலில் ஸ்டென்ட். மாரடைப்பு வந்து வைத்ததென்றால் ஓராண்டு, வெறும் அடைப்புக்கு வைத்ததென்றால் ஆறு மாதம் பொறுப்பது வழக்கம். ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் இரண்டு மாத்திரைகளில் குளோபிடோகிரெலை ஆபரேஷனுக்கு ஐந்து நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள், ஆஸ்பிரின் பொதுவாகத் தொடரும். சிக்கல் என்னவென்றால், பலருக்கு இரண்டும் சேர்ந்த ஒரே கேப்சூல்தான் எழுதியிருப்பார்கள். அதை நிறுத்தினால் ஆஸ்பிரினும் நின்றுபோய் ஸ்டென்ட்டில் ரத்தம் உறையக்கூடும். தனி ஆஸ்பிரின் எழுதித் தரச் சொல்லி இதய மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

சர்க்கரை மாத்திரை அட்டையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருக்கிறதா பாருங்கள். மெட்ஃபார்மினோடு சேர்ந்தும் வரும். இதை மருத்துவரிடம் சொல்லி, ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை 160 காட்டிக்கொண்டிருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம், யாருக்கும் சந்தேகம் வராது. மெடிக்கலில் அட்டையை வெட்டிக் கொடுத்ததில் பெயர் போயிருந்தால் பழைய சீட்டைத் தேடி எடுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்குப் பித்தப்பை அழுக ஆரம்பித்தாலும் வலி லேசாகவே இருக்கலாம். காய்ச்சலும் வாந்தியும் வந்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அப்போது ஓராண்டுக் கணக்கெல்லாம் செல்லாது. ஆபரேஷன் தாங்காத நிலை என்றால் பித்தப்பையில் குழாய் வைத்துச் சீழை வடிப்பார்கள்.

பீடி விஷயம். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் ஏற்றுவார்கள். அது நுரையீரலைக் கீழிருந்து நெருக்கும். ரத்தத்தில் கலக்கும் வாயுவையும் அதே நுரையீரல்தான் வெளியே தள்ள வேண்டும். சளி கட்டிய நெஞ்சு திணறும். தேவைப்பட்டால் அழுத்தத்தை 8, 10 என்று குறைத்துச் செய்வார்கள். நான்கு வாரம் முன்பாவது பீடியை விடச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு விடாமல் இருமினால் தொப்புள் தையலில் குடலிறக்கம் வரலாம்.

மதுரையில் செய்வதானால் முந்தின நாளே போய்ச் சேருங்கள். சர்க்கரை இருப்பதால் காலையில் முதல் கேஸாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். திட உணவு ஆறு மணி நேரம், தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரைதான். பித்தப்பை உள்ளே ஒட்டிக்கிடந்தால் வயிற்றைத் திறந்து செய்ய நேரும் என்பதையும் அத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.