குடும்பப் பொருளாதாரம் படிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

"மனையியல் பட்டப்படிப்பில் சேரப்போகிறேன் என்றதும், 'சமையல் கத்துக்க டிகிரி எதுக்கு?' என்கிறார் மாமா. என்ன பதில் சொல்வது?"
– பிளஸ் டூ முடித்த மாணவி, தேனி

மனையியல் என்றால் சமையல் மட்டுமில்லை, வீட்டின் வரவு செலவை ஆராயும் குடும்பப் பொருளாதாரமும் அதில் ஒரு பாடம். மாமாவிடம் ஒரே ஒரு கணக்குக் கேளுங்கள். அவர் வீட்டுச் செலவில் சாப்பாட்டுக்குப் போவது நூற்றுக்கு எவ்வளவு? பலருக்குத் தெரியாது. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமங்களில் சுமார் 47 சதவீதம், நகரங்களில் சுமார் 40. வருமானம் கூடக்கூட இந்தப் பங்கு இறங்கும் என்று ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-லேயே காட்டிவிட்டார். (மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ் வேறு ஆள். பரீட்சையில் இருவரையும் ஒன்றாக்கி விடுபவர்கள் உண்டு.)

சரி, சமையலுக்கே வருவோம். அமெரிக்கப் பொருளியலாளர் மார்கரெட் ரீட் 1934-ல் ஒரு அளவுகோல் கொடுத்தார். ஒரு வேலையைக் காசு கொடுத்து இன்னொருவரைச் செய்யச் சொல்ல முடியுமென்றால் அது உற்பத்தி. அப்படிப் பார்த்தால் தோசை சுடுவது உற்பத்தி, டிவி பார்ப்பது இல்லை. ஆனால் ஓட்டல் தோசை நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் ஏறுகிறது, அம்மா சுடும் தோசை ஏறுவதில்லை. 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 2023 செப்டம்பரில் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது எழுந்த வாதங்கள், அது உதவியா, உழைப்புக்கான அங்கீகாரமா என்பதெல்லாம், இந்தப் பாடத்தின் நடுக்கூடத்தில் பேசப்படுபவை.

இதற்கும் மாமா சிரித்தால் விட்டுவிடுங்கள்.

"கணக்கு எனக்கு வராது. சமாளிக்க முடியுமா?"
– கலைப் பிரிவு மாணவி, விருத்தாசலம்

சதவீதம், சராசரி, வட்டி, கொஞ்சம் புள்ளியியல், எக்ஸெல். இவ்வளவுதான். ஆனால் இவற்றைத் தப்பிக்க வழியில்லாமல் கற்க வேண்டும். ஒரு மாதிரி பாருங்கள்: 1 லட்சம் ரூபாய்க் கடன், 12 சதவீத 'ஃபிளாட்' வட்டி, ஒரு வருடம். வட்டி 12,000 ரூபாய், மாதத் தவணை 9,333. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் கடைசி வரை முழு லட்சத்துக்கே கணக்காகிறது. மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்று போட்டுப் பார்த்தால் உண்மை விகிதம் 21 சதவீதத்தைத் தாண்டும். இதை ஒரு முறை தாளில் போட்டுப் பார்த்தவரை ஷோரூமில் யாரும் ஏமாற்ற முடியாது. ஏலச்சீட்டுக் கணக்கும் இப்படித்தான் பிடிபடும். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சீட்டு நடத்துபவர் எடுக்கும் கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம் என்பது தெரிந்தால், சீட்டை ஏலத்தில் எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தள்ளுத் தொகையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

"எந்தக் கல்லூரி நல்லது? என் பையனும் சேரலாமா?"
– ஒரு தந்தை, ஈரோடு

கோவை அவினாசிலிங்கம் 1957-ல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கி 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. தமிழகத்தில் இத்துறைக்குத் தாய்வீடு என்றால் அதுதான். ஆனால் பெண்களுக்கு மட்டும். பையன் என்றால் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள், அல்லது இங்கேயே பி.ஏ. பொருளியல் சேர்ந்து பிறகு இந்தப் பக்கம் திரும்பலாம்.

தரவரிசையைவிட நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. பாடத்திட்டத்தை வாங்கி 'நுகர்வோர் பாதுகாப்பு' அலகைப் பிரியுங்கள். 1986 சட்டத்தையே இன்றைய சட்டமாக இன்னும் வைத்திருந்தால் யோசியுங்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதலே நடைமுறையில் இருக்கிறது. மாணவிகளை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ஒரு நாளாவது அழைத்துப் போகிறார்களா என்றும் கேளுங்கள்.

"படித்தால் வேலை கிடைக்குமா?"
– பலர்

பட்டத்தைப் பார்த்து மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். கூட ஒன்று வேண்டும். நிதிப் பக்கம் போவதென்றால், படிக்கும்போதே, பங்குச் சந்தைத் துறைக்கான பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வை எழுதிவிடலாம். ஆசிரியப் பணிக்கு முதுகலையும் பி.எட்.டும், கல்லூரி என்றால் முதுகலைக்குப் பிறகு 'நெட்' எனும் தேசியத் தகுதித் தேர்வும். அதில் மனையியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. சுய உதவிக் குழுக்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களில் களப்பணி தெரிந்தவர்களுக்கு எப்போதும் இடமுண்டு. முதல் வருடச் சம்பளத்தை மட்டும் பார்ப்பவர்கள் பி.காம். போவதே நல்லது.

"கடைசி வருட ப்ராஜெக்டுக்கு வீடு வீடாகப் போகிறேன். யாருமே உண்மையான வருமானத்தைச் சொல்வதில்லை. என்ன செய்ய?"
– இறுதியாண்டு மாணவி, மதுரை

வருமானத்தைக் கேட்காதீர்கள், செலவைக் கேளுங்கள். நம் நாட்டில் வாழ்க்கைத் தரத்தை அளக்க அரசே செலவைத்தான் எடுத்துக்கொள்கிறது. செலவையும் 'மாதம் எவ்வளவு ஆகும்?' என்று மொத்தமாகக் கேட்டால், வாசலில் நின்றபடி ஒரு முழு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

முதல் பதிலில் சொன்ன தேசியக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முறையைப் பாருங்கள். காய்கறி, முட்டை, மீன், எண்ணெய் போன்றவற்றுக்குக் கடந்த 7 நாள். அரிசி, பருப்பு, வாடகை போன்றவற்றுக்கு 30 நாள். துணிமணி, பள்ளிக் கட்டணம், ஃபிரிட்ஜ் மாதிரி எப்போதாவது வருபவற்றுக்கு 365 நாள். மனித ஞாபகம் அப்படித்தான் வேலை செய்கிறது. போன வாரம் வாங்கிய மீன் நினைவிருக்கும், போன மாதத்தது இருக்காது. 2022-23 முதல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்காமல், உணவு, மற்ற அன்றாடச் செலவு, நீடித்துழைக்கும் பொருள்கள் என்று மூன்று படிவங்களாக்கி மூன்று மாதங்களில் மூன்று முறை போகிறார்கள். உங்களால் இரண்டு முறையாவது போக முடிந்தால் பதிலின் தரம் தெரியும்படி உயரும்.

அப்புறம், ரேஷனில் வரும் இலவச அரிசியையும் வீட்டுத் தோட்டத்து முருங்கையையும் தனியாகக் குறியுங்கள். காசு கொடுக்காததால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கடன் பற்றிய கேள்வியைக் கடைசியில் வையுங்கள், மாமியாரும் கணவரும் பக்கத்தில் இல்லாதபோது. தாளில் பெயர் எழுத வேண்டாம், வரிசை எண் மட்டும் போதும். அதை அவர்கள் கண்ணெதிரிலேயே எழுதுங்கள்.