டூரிங் டயர்: பெங்களூர் ஓட்டிகள் கேட்டவை

அண்ணா, அல்சூரிலிருந்து கேட்கிறேன். என் சைக்கிளில் 700x28 டயர், அதாவது 28 மி.மீ. அகலம். இனி பை கட்டிக்கொண்டு சாவனதுர்கா பக்கத்து மண்பாதையிலும் போகணும். எது வாங்கலாம்?

ஃபிரேமும் ஃபோர்க்கும் எவ்வளவு இடம் விடுகிறதோ, அவ்வளவு அகலமாக வாங்குங்கள் தம்பி. டிஸ்க் பிரேக் என்றால் 35, 40 மி.மீ. வரை போகலாமா என்று அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 5 மி.மீ. இடைவெளியாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் மழைக்கு அப்புறம் செம்மண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. சாதா ரோடு சைக்கிள், ரிம்மைப் பிடிக்கும் ரிம் பிரேக்கா? பெரும்பாலும் 28-ஓடு சரி, அதற்கு மேல் நுழையாது.

அகல டயர் தார்ரோட்டில் இழுக்காதா சார்?

எல்லோருக்கும் இந்தப் பயம் இருக்கிறது. மெல்லிய டயரில் 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்துக்கொண்டு நம்ம ஊர் ரோட்டில் போனால் ஒவ்வொரு ஜல்லிக்கும் சைக்கிளோடு நீங்களும் குலுங்குவீர்கள், மிதிக்கிற மிதியில் ஒரு பங்கு அந்தக் குலுக்கலிலேயே போய்விடும். அகல டயரில் காற்று குறைவாக இருந்தால் கல்மேல் அமுங்கி ஏறி இறங்கிவிடும். உண்மையில் இழுப்பது தடித்த ரப்பரும் டயர்மேல் துருத்திக்கொண்டிருக்கும் பெரிய பட்டன்களும்தான். எழுபது கிலோ ஆள், 40 மி.மீ. டயர் என்றால் பின்னால் 45 பிஎஸ்ஐ, முன்னால் 40-இல் ஆரம்பித்து, பை ஏற்றினால் பின்னால் கொஞ்சம் கூட்டுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதெல்லாம் வேண்டாம், அழுத்தம் காட்டும் கேஜ் வைத்த பம்பு வாங்குங்கள்.

மழைக்குப் பட்டன் டயர்?

தாரில் தேவையில்லை. கார் மாதிரி சைக்கிள் தண்ணீர்மேல் மிதக்காது. நடுவில் வழவழ, ஓரத்தில் சின்னப் பட்டன் போதும். ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டிலும் மேன்ஹோல் மூடியிலும் எந்த டயரும் வழுக்கும்.

29 இன்ச் டயர் 700சி ரிம்மில் ஏறுமா?

ஏறும், டயர் உட்காரும் ரிம் விட்டம் ரெண்டுக்கும் 622 மி.மீ.தான். ஃபிரேமில் இடம் இருக்கணும், ரிம்மும் ரொம்பக் குறுகலாக இருக்கக்கூடாது. 26 இன்ச்தான் வம்பு: எம்டிபி என்கிற மலை சைக்கிள் 559, பழைய 26x1⅜ சைக்கிள் 590. கடையில் இன்ச் சொல்லாமல் டயர் பக்கவாட்டில் இருக்கும் 40-622 மாதிரி எண்ணை (அகலம்-விட்டம்) சொல்லிக் கேளுங்கள்.

ஓசூர் ரோட்டில் பஞ்சர் ஒட்டிய மறுநாளே மறுபடி பஞ்சர். டியூப் மட்டமா?

டியூப்பைத் திட்டாதீர்கள். வெடித்த லாரி டயரின் தலைமுடி போன்ற கம்பி ஒன்று டயருக்குள்ளேயே இருக்கும். விரலால் தேடினால் குத்தும். உள்பக்கம் பஞ்சைத் தடவிக்கொண்டே போங்கள், சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும், சின்ன இடுக்கியால் பிடுங்குங்கள். டியூப் இல்லாத டியூப்லெஸ்ஸுக்கு மாறினால் முள் ஓட்டையை உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவமே அடைத்துவிடும், ஆனால் நம்ம வெயிலில் அது சில மாதத்தில் காய்ந்துவிடும், ஊற்றிக்கொண்டே இருக்கணும். எதுவானாலும் ஒரு ஸ்பேர் டியூப் பையில் இருக்கட்டும்.