அல்மோரா சரளை நிலத்தில் பைன் மரம் வைக்கலாமா?

கேள்வி: ஐயா, என் கணவரின் ஊர் உத்தராகண்டில் அல்மோரா பக்கம். சுமார் 1,500 மீட்டர் உயரம். பங்கில் வந்த ஒன்றரை ஏக்கரும் சரிவு, சரளை. கேழ்வரகுகூட முழங்காலைத் தாண்டுவதில்லை. அந்த ஊர் பைன் மரத்தையே வைத்துவிடலாமா? கன்று எப்படி உண்டாக்குவது?

பதில்: அங்கே ‘சீட்’ என்பார்கள், ஊசி போன்ற இலை மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும் இமயமலைப் பைன். 450 மீட்டரிலிருந்து 2,300 மீட்டர் வரை அதன் சொந்த இடம். பாறை இடுக்கில்கூட வேர் இறக்கிவிடும். அதனால் வளருமா என்ற கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது அது உதிர்க்கும் ஊசியைப் பற்றித்தான்.

முதலில் நிலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். வெயில் காய்கிற தெற்குச் சரிவு என்றால் சீட் வைக்கலாம். நிழலில் முளைத்தால் அது தேறாது. ஓடை, ஊற்று, நௌலா (கல் கட்டிய ஊற்றுத் தொட்டி) பக்கத்தில் ஈரம் நிற்கிற மண் இருந்தால் அங்கே மட்டும் வேண்டாம். அந்த இடம் ‘பாஞ்ச்’ என்கிற ஓக் மரத்துக்கு உரியது. மாட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு இரண்டும் அதில் கிடைக்கும்.

கன்றுக்கு வருவோம். காய் முற்ற இரண்டு வருடம் பிடிக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பழுப்பேறிய, இன்னும் வாய் திறக்காத காயைப் பறித்து வெயிலில் பரப்புங்கள். தானாக வெடித்து, இறக்கை வைத்த விதை உதிரும். ஓர் இரவு ஊறவைத்துப் பாலித்தீன் பையில் ஊன்றுங்கள். பை மண்ணில் வயதான பைன் மரத்தடி மண்ணைக் கட்டாயம் ஒரு பங்கு கலக்க வேண்டும். அதில் வெள்ளை நூல் போலப் பூஞ்சை இருக்கும். வேரோடு ஒட்டி வாழும் அந்தப் பூஞ்சை இல்லாவிட்டால் கன்று மஞ்சளாகிக் குறுகியே நிற்கும். எருவை வாரிக் கொட்டியும் பயனில்லை. தண்ணீரை அளவோடு விடுங்கள். ஈரம் தேங்கினால் நாற்றின் கழுத்து அழுகிச் சாய்ந்துவிடும்.

அடுத்த வருடம் ஜூலை மழையில், ஓரடிக் குழியில், பத்தடிக்கு ஒன்றாக நடலாம். ஆணிவேர் மடங்காமல் பாருங்கள். முதல் சில வருடம் புல்லோடு புல்லாகத்தான் நிற்கும், ஏமாந்து பிடுங்கிவிடாதீர்கள். ஆடு பெரிதாகச் சீண்டாது. ஆனால் முள்ளம்பன்றி பட்டையைக் கொறித்துவிடும், அடித்தண்டைச் சுற்றி முள் கட்டுங்கள்.

இனி ஊசி. அங்கே அதற்குப் ‘பிரூல்’ என்று பெயர். கோடையில் மெத்தை போலச் சேரும், தீப்பிடிக்க ஒரு பீடித் துண்டு போதும். முதிர்ந்த மரம் தடித்த பட்டையால் தப்பிக்கும்; இளங்கன்றும் பக்கத்து வயலும் தப்பாது. வீடு, மாட்டுத் தொழுவத்திலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். வேலியோரம் பத்தடி அகலத்துக்கு வெறுந்தரை விடுங்கள். மார்ச்சிலிருந்து மழை வரும்வரை வாரந்தோறும் ஊசியைக் கூட்டி அள்ளிவிடுங்கள். இதைச் செய்ய ஊரில் ஆள் இல்லை என்றால் மரமே வைக்காதீர்கள்.



பிசினை, அதாவது ‘லீசா’வை, நம்பி உடனே கணக்குப் போடாதீர்கள். மரத்தின் சுற்றளவு மூன்றடி ஆன பிறகுதான் கீற முடியும்; உங்கள் மண்ணில் அது பிள்ளைகள் காலத்து வருமானம். வெட்டுவதானால் சொந்த நிலம் என்றாலும் முதலில் வனத்துறையில் அனுமதி விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.