ரஞ்சிக் கோப்பை ஒன்றா இரண்டா: தமிழ்நாடு அணியின் வரலாற்றை எழுதும்போது எண்கள் ஏன் முரண்டு பிடிக்கின்றன

கேள்வி: எங்கள் கிளப்பின் ஆண்டு மலருக்காகத் தமிழ்நாடு கிரிக்கெட் அணியின் வரலாற்றை நான்கு பக்கத்தில் தொகுக்கிறேன். ரஞ்சிக் கோப்பையை (மாநில அணிகளின் பலநாள் ஆட்டத் தொடர்) ஓரிடத்தில் இருமுறை வென்றதாகவும், இன்னோரிடத்தில் ஒருமுறைதான் என்றும் போட்டிருக்கிறார்கள். விஜய் ஹசாரே கோப்பை (50 ஓவர் தொடர்) நான்கா, ஐந்தா? சுழற்பந்து வீச்சாளர் வெங்கட்ராகவனின் விக்கெட்டுகள் ஒரு பட்டியலில் 500 சொச்சம், மற்றொன்றில் 1390. எதை நம்பி அச்சுக்குக் கொடுப்பது?

பதில்: ரஞ்சி இரண்டு. 1954-55இல் 'மெட்ராஸ்' என்ற பெயரில் ஒன்று, 1987-88இல் 'தமிழ்நாடு' என்ற பெயரில் ஒன்று. ஒன்று என்று எழுதியவர் 'தமிழ்நாடு' என்ற பெயரை மட்டும் தேடிக் கூட்டியிருப்பார். மாநிலத்துக்கு 1969 ஜனவரி 14இல் பெயர் மாறியது. சற்றுப் பின்னால் அணியும் மாறிக்கொண்டது. அணி ஒன்றேதான். எதிரணிகளும் இப்படியே: மைசூர் பிறகு கர்நாடகம், திருவிதாங்கூர்-கொச்சி பிறகு கேரளம். 1954-55 இறுதிப்போட்டியில் இந்தூரில் மெட்ராஸிடம் 46 ரன்னில் தோற்ற ஹோல்கர் அணி, அந்தப் பருவத்தோடு பட்டியலிலிருந்தே காணாமல் போனது. ஆகவே பெயருக்கு இரண்டு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: அன்றைய பெயர் ஒன்று, இன்றைய பெயர் ஒன்று.

பருவத்தை எப்போதும் இரட்டை ஆண்டாகவே எழுதுங்கள். '1988 சாம்பியன்' என்று ஒருவரும் '1987 சாம்பியன்' என்று இன்னொருவரும் எழுதுவது ஒரே கோப்பையைத்தான். இதைக் கவனிக்காமல் மூன்று கோப்பை எண்ணியவர்களும் உண்டு. முதல் வெற்றிக்குக் கேப்டன் பாலு அழகண்ணன். இரண்டாவதில் எஸ். வாசுதேவன், சேப்பாக்கத்தில் ரயில்வேயை இன்னிங்ஸ் 144 ரன்னில் வென்றார்கள். அதற்கடுத்த 1988-89இல் இரானி கோப்பையும் (ரஞ்சி சாம்பியனும் இதர இந்திய அணியும் மோதும் ஒற்றை ஆட்டம்) வந்தது. வி.பி. சந்திரசேகர் 56 பந்தில் சதமடித்தது அந்த ஆட்டத்தில்தான். இதை ரஞ்சிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

ஹசாரேயில் நான்கு, ஐந்து என்ற சண்டைக்குக் காரணம் 2004-05. அந்த ஆண்டு கோப்பையை உத்தரப் பிரதேசத்தோடு பகிர்ந்துகொண்டார்கள். மற்றவை 2002-03, 2008-09, 2009-10, 2016-17. 'ஐந்து (ஒன்று பகிர்வு)' என்று போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. சையத் முஷ்டாக் அலி டி20 கோப்பையிலும் இதே குழப்பம்: 2006-07, 2020-21, 2021-22 என மூன்று, ஆனால் 2006-07இல் அந்தத் தொடருக்கு முஷ்டாக் அலி பெயர் இன்னும் சூட்டப்படவில்லை. அதனால் சிலர் இரண்டோடு நிறுத்துவார்கள்.

இனி வெங்கட்ராகவன். 1390 என்பது அவர் ஆடிய எல்லா முதல்தரப் போட்டிகளுக்கும் (உயர்மட்டப் பலநாள் ஆட்டங்கள்) சேர்த்து. டெஸ்ட், மண்டல அணிகளின் துலீப் கோப்பையில் தென்மண்டலம், இங்கிலாந்தில் டெர்பிஷயர் கவுன்ட்டி எல்லாம் அதில் அடக்கம். 500 சொச்சம் என்பது ரஞ்சியில் மட்டும். இரண்டுமே சரி, தலைப்புதான் வேறு. மெட்ராஸ் தொடர்பான இன்னும் இரண்டு பொறிகள் இங்கே உண்டு. பொங்கலையொட்டி இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் நடந்த பிரசிடென்சி ஆட்டம் ஒன்று. 1952-53இல் இலங்கையோடு (அன்று சிலோன்) தொடங்கிய கோபாலன் கோப்பை ஆட்டம் இன்னொன்று. இரண்டும் முதல்தரம்தான், ரஞ்சி அல்ல. ஒருவர் மெட்ராஸுக்காக எடுத்த ரன் இரண்டு பட்டியலில் இருநூறு முந்நூறு வித்தியாசப்பட்டால் முதலில் இங்கே தேடுங்கள்.

ஸ்கோரைச் சரிபார்க்கக் கூட்டல் கழித்தல் போதும். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம்: ரஞ்சியின் முதல் ஆட்டம். எம்.ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார். மைசூர் 48, மெட்ராஸ் 130, மைசூர் 59. 48ஐயும் 59ஐயும் கூட்டினால் 107. 130இல் கழித்தால் 23. ஆட்டம் இன்னிங்ஸ் 23 ரன்னில், ஒரே நாளில் முடிந்தது. மெட்ராஸின் ஏ.ஜி. ராம் சிங் 6/19 (19 ரன் கொடுத்து 6 விக்கெட்), 5/16, ஆக 11 விக்கெட். இதேபோல் 1972-73 இறுதிப்போட்டி: பம்பாய் 151, 113, தமிழ்நாடு 80, 61. 264இலிருந்து 141 போனால் 123, அதுதான் தோல்வியின் அளவு. பம்பாயின் சுழற்பந்து வீச்சாளர் சிவால்கர் 8/16, 5/18 எடுத்துச் சுருட்டியதும் சேப்பாக்கத்தில்தான்; மூன்றாம் நாள் முதல் பந்தோடு கதை முடிந்தது. நம் சுழலுக்காகப் போட்ட ஆடுகளம் நம்மையே கடித்தது என்பதைத் தவிர வேறு சொல்வதற்கில்லை.

எக்செலில் தட்டச்சு செய்யும்போது ஓர் எச்சரிக்கை. 6/19 என்று அடித்தால் அது தேதி என்று நினைத்து 'ஜூன்-19' ஆக்கிவிடும். 5/18 மே மாதமாகிவிடும். பின்னால் வகையை மாற்றினாலும் பழைய எண் திரும்பாது, உள்ளே தேதிக்கான வேறொரு எண் உட்கார்ந்திருக்கும். தட்டச்சைத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றுங்கள். எழுத்துரு மாற்றும்போது தொலைந்துபோகும் இன்னொன்று, ஆட்டமிழக்கவில்லை என்பதைக் காட்டும் நாட் அவுட் நட்சத்திரம் (*). 1988-89இல் கோவாவுக்கு எதிராக 912/6 (6 விக்கெட்டுக்கு 912 ரன்) என்று டிக்ளேர் செய்த இன்னிங்ஸில் டபிள்யூ.வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் 302*. ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம். அந்த நட்சத்திரம் விழுந்துவிட்டால் சராசரியும் தவறும், ஏனென்றால் ஆட்டமிழந்த தடவைகளால்தான் ரன்னை வகுக்கிறோம்.

வீரர்கள் பட்டியலில் இனிஷியலை விட்டால் மலர் சிரிப்புக்கிடமாகிவிடும். வி. சிவராமகிருஷ்ணன் தொடக்க ஆட்டக்காரர், எல். சிவராமகிருஷ்ணன் லெக் ஸ்பின்னர். எஸ். வெங்கட்ராகவனும் எம். வெங்கடரமணாவும் வேறுவேறு தலைமுறை, ஆனால் இருவருமே ஆஃப் ஸ்பின்னர்கள். இனிஷியல் மட்டும் போதாத வீடு ஒன்றும் இருக்கிறது: ஏ.ஜி. ராம் சிங், அவர் மகன்கள் ஏ.ஜி. கிருபால் சிங், ஏ.ஜி. மில்கா சிங். எல்லாருக்கும் அதே ஏ.ஜி. மில்கா சிங் என்றதும் படப்பிரிவில் ஓட்டக்காரர் மில்கா சிங்கின் படத்தை எடுத்து வைத்துவிடுவார்கள், கண்ணில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். முச்சதம் அடித்த அர்ஜன், கிருபாலின் மகன். மூன்று தலைமுறை, நான்கு பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்திக்கு இது போதும்.

அண்மைக் காலத்துக்கு வரும்போது எந்தத் தொடர் என்பதை விடாமல் குறியுங்கள். முரளி விஜய் 243, அபினவ் முகுந்த் 300* எடுத்து முதல் விக்கெட்டுக்கு 462 சேர்த்தது 2008-09 ரஞ்சியில், நாசிக்கில், மகாராஷ்டிரத்துக்கு எதிராக. ஜெகதீசனின் 277 ரஞ்சி அல்ல; 2022 நவம்பர் 21இல் அருணாசலத்துக்கு எதிரான ஹசாரே ஆட்டம், 50 ஓவர், தமிழ்நாடு 506/2. சாய் சுதர்சனோடு முதல் விக்கெட்டுக்கு 416. ஷாருக் கான் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்துக் கர்நாடகத்தை வென்றது 2021-22 முஷ்டாக் அலி. டிஎன்பிஎல் (தமிழ்நாட்டின் டி20 லீக்), ஐபிஎல்லின் சிஎஸ்கே கணக்குகள் மாநில அணியைச் சேரவே சேராது. உங்கள் கிளப் இளைஞர்கள் ஆசைப்பட்டால் தனிப் பக்கம் கொடுங்கள்.

தோற்ற இறுதிப்போட்டிகளையும் போடுங்கள்: 1935-36, 1940-41, 1967-68, 1972-73, 1991-92, 1995-96, 2002-03, 2003-04, 2011-12, 2014-15. இரண்டு கோப்பைக்கு எதிரே பத்து. இவற்றில் 1995-96, 2011-12 ஆட்டங்களின் முடிவுக்கு நேரே சில இடங்களில் 'டிரா' என்றிருக்கும், பிழையில்லை. ரஞ்சி நாக்அவுட்டில் ஆட்டம் டிராவானால் முதல் இன்னிங்ஸ் முன்னிலை பெற்றவருக்கே கோப்பை. 1995-96இல் கர்நாடகமும் 2011-12இல் ராஜஸ்தானும் சேப்பாக்கத்தில் வந்து அப்படித்தான் கொண்டுபோனார்கள். 'டிரா, முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் ராஜஸ்தான்' என்று முழுதாகவே அச்சிடுங்கள்.