கையால் ஓட்டினால் ஓடுகிறது, சேவையாகத் தொடங்கினால் விழுகிறது: ஸ்க்விட் எங்கே சிக்குகிறது?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ராக்கி லினக்ஸ் 9 சர்வரில் ஸ்க்விட் பிராக்ஸி (ஆய்வகக் கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, பக்கங்களைக் கேஷில் சேமித்துத் தரும் நிரல்) ஓடிக்கொண்டிருந்தது. புதிய டிஸ்க் ஒன்றை இணைத்து, கேஷ் கோப்புறையை /டேட்டா/கேஷ் என்ற இடத்துக்கு மாற்றினேன். அன்றிலிருந்து சேவையாகத் தொடங்கினால் ‘ஃபெயில்டு’ என்று நின்றுவிடுகிறது. கோப்புறைக்கு 777 அனுமதி (எல்லோருக்கும் முழு உரிமை) கொடுத்தும் பயனில்லை. ரூட்டாக நுழைந்து கையால் ஓட்டினால் மட்டும் ஓடுகிறது. எங்கே கோளாறு?

பதில்: கடைசியாகப் போகிற போக்கில் சொன்னீர்களே, அந்த வரியில்தான் விடை இருக்கிறது. அமைப்புக் கோப்பில் பிழை இருந்தால் கையால் ஓட்டினாலும் ஸ்க்விட் ஓடாது. ஸ்க்விட்டுக்குரிய 3128 போர்ட்டை வேறொரு நிரல் பிடித்து வைத்திருந்தாலும் அப்படித்தான். ரூட்டாக ஓட்டியதால் சாதாரண அனுமதிச் சிக்கல் மறைந்துவிட்டதோ என்றும் ஐயப்பட வேண்டாம்: யார் தொடங்கினாலும் ஸ்க்விட் ரூட் உரிமையைக் கைவிட்டு, ‘ஸ்க்விட்’ என்ற பயனராக மாறித்தான் கேஷைத் தொடும். ஆகவே சந்தேகம் எஸ்இலினக்ஸ் மேல் விழுகிறது; எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று விதிக்கும் லினக்ஸ் பாதுகாப்பு அடுக்கு அது.

ராக்கி, ஃபெடோரா, ரெட் ஹாட் மூன்றிலும் எஸ்இலினக்ஸ் இயல்பாகவே முழு அமலில் இருக்கும். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தொடங்கும் ஸ்க்விட் ‘ஸ்க்விட்_டி’ என்ற வேலிக்குள் ஓடுகிறது. தனக்குரிய முத்திரை பெற்ற கோப்புகளை மட்டுமே அது தொடலாம். நீங்கள் ரூட் ஷெல்லில் தட்டி ஓட்டும் ஸ்க்விட்டுக்கு அந்த வேலி இல்லை. /வார்/ஸ்பூல்/ஸ்க்விட் கோப்புறைக்கு முத்திரை முன்பே இருந்தது. நீங்கள் உருவாக்கிய /டேட்டா/கேஷுக்கு இல்லை. 777 என்பது வேறு கணக்கு, எஸ்இலினக்ஸ் அதைப் பொருட்படுத்தாது. (அந்த 777ஐத் தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள்.)

முதலில் கையால் ஓட்டியதை நிறுத்துங்கள். பலரும் இதை மறந்துவிட்டு, ‘ஸ்க்விட் ஏற்கெனவே ஓடுகிறது’ என்ற புதுப் பிழையைக் கண்டு குழம்புகிறார்கள். ‘ஸ்க்விட் -கே ஷட்டவுன்’ கொடுத்துவிட்டுப் பொறுங்கள். திறந்திருக்கும் இணைப்புகள் முடிவதற்காக அது 30 விநாடி வரை காத்திருக்கும். பிறகு ‘எஸ்எஸ் -எல்டிஎன்பி’ பட்டியலில் 3128 இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

அடுத்து சேவையைத் தொடங்கி, அது விழுந்தவுடன், தணிக்கைப் பதிவில் எஸ்இலினக்ஸ் மறுப்புகளைத் தேடும் ‘ஆசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்’ கட்டளையை ஓட்டுங்கள். ‘டினைடு’ என்ற சொல்லும், ஸ்க்விட் பெயரும், உங்கள் கேஷ் கோப்புறையும் ஒரே பதிவில் தென்பட்டால் ஐயம் தீர்ந்தது. அதற்காக எஸ்இலினக்ஸை அணைத்துவிடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் பாதி ஆலோசனை அதுதான். ஆய்வகத்தின் போக்குவரத்து முழுவதும் கடந்து செல்லும் சர்வருக்கு அது பொருந்தாது.

சரிசெய்வது எளிது. ‘செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’ மூலம் /டேட்டா/கேஷுக்கும் அதனுள் இருப்பவை அனைத்துக்கும் ‘ஸ்க்விட்_கேஷ்_டி’ என்ற முத்திரையைப் பதிவு செய்யுங்கள். பிறகு ‘ரெஸ்டோர்கான் -ஆர்வி /டேட்டா/கேஷ்’. பதிவு செய்வது முதல் கட்டளை, கோப்புகளின் மேல் குத்துவது இரண்டாவது; முதலாவதோடு நிறுத்திவிட்டால் எதுவும் மாறாது. ‘சிகான்’ என்ற, பதிவு செய்யாமல் நேரடியாக முத்திரை குத்தும் குறுக்குவழியும் உண்டு, ஆனால் எப்போதாவது முழு டிஸ்க்கும் மறுமுத்திரையிடப்பட்டால் அது அழிந்துபோகும். முடிவாகக் கோப்புறையின் உரிமையாளரை ஸ்க்விட் பயனராக்கி, அனுமதியை 750 ஆக்குங்கள். ‘நேம்ஐ -எல் /டேட்டா/கேஷ்’ ஓட்டினால் மேலே உள்ள /டேட்டாவுக்குள் ஸ்க்விட் நுழைய முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

தணிக்கைப் பதிவில் எதுவும் இல்லையென்றால் /வார்/லாக்/ஸ்க்விட்/கேஷ்.லாக் கோப்பில் ‘ஃபேட்டல்’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ பெரும்பாலும் விழுந்தது என்பதை மட்டும் சொல்லும். ஏன் என்பதை ஸ்க்விட்தான் சொல்லும். அமைப்புக் கோப்புப் பிழையென்றால் வரி எண்ணோடு சொல்லும். ‘ஸ்க்விட் -கே பார்ஸ்’ அதைத் தொடங்கும் முன்பே காட்டிவிடும்.

இன்னொரு பொறி. புதிய டிஸ்க்கை எஃப்எஸ்டேபில் (தொடக்கத்தில் இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்), டிஸ்க் ஏறாவிட்டாலும் தொடக்கம் நிற்காதிருக்க ‘நோஃபெயில்’ போட்டுச் சேர்த்திருந்தால், சர்வர் மறுதொடக்கத்தில் டிஸ்க் ஏறும் முன்பே ஸ்க்விட் கிளம்பிவிடக்கூடும். ராக்கியின் சேவைக் கோப்பு, கேஷ் அடைவுகள் இல்லையென்றால் தானே உருவாக்கிக்கொள்ளும். டிஸ்க் ஏறாத நிலையில் அவை ரூட் பகிர்வில் உருவாகி, சத்தமில்லாமல் அதை நிரப்பக்கூடும். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட் ஸ்க்விட்’ கொடுத்து, யூனிட் பிரிவில் ‘ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்=/டேட்டா/கேஷ்’ என்று சேர்த்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கேட்கிறேன்: டிஸ்க் கேஷ் உங்களுக்குத் தேவைதானா? இன்று மாணவர்கள் திறக்கும் தளங்களில் பெரும்பாலானவை எச்டிடிபிஎஸ். குறியாக்கத்தைப் பிரித்துப் பார்க்காத ஸ்க்விட்டுக்கு அவை வெறும் சுரங்கப்பாதைகள், எதையும் சேமிக்க முடியாது. அணுகல் கட்டுப்பாட்டுக்கும் பதிவுகளுக்கும் மட்டும்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், ‘கேஷ்_டிர்’ வரியின் முன் ஒரு # போட்டுவிட்டு மீண்டும் தொடங்குங்கள். நினைவகக் கேஷ் மட்டும் இருக்கும். இயல்பளவு 256 எம்பி. புதிய டிஸ்க்கை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.