வெறும் வயித்துல மட்டும் 102 காட்டுதா?

தம்பி, மனைவிக்கு கர்ப்பகால சர்க்கரை, இது 28ஆவது வாரம், சர்க்கரை அளவு சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 115க்குள்ள இருக்கு, காலையில வெறும் வயித்துல மட்டும் 102 காட்டுது, அதனால அவங்களுக்கு ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திட்டோம்னு எழுதியிருக்கீங்க. முதல்ல அந்தப் பட்டினியை நிறுத்துங்க. நஞ்சுக்கொடி ஹார்மோன்களால இன்சுலின் சரியா வேலை செய்யாது. கல்லீரல் ராத்திரி முழுக்க சர்க்கரையை விட்டுக்கிட்டே இருக்கும். அவங்க வாய் மேல பழி போடாதீங்க.

உதாரணத்துக்கு, நான் ராத்திரி சாப்பிடுறது ரெண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு அவிச்ச முட்டை. படுக்கும்முன் ஒரு கைப்பிடி சுண்டல். கேழ்வரகுக் கூழை 'சுகருக்கு நல்லது'ன்னு சொம்பு சொம்பா கொடுக்குற உங்க அம்மாகிட்ட நீங்கதான் பேசணும், மருமக பேசினா வேற மாதிரி ஆகிடும்! கேழ்வரகும் மாவுச்சத்துதான். சாப்பிட்டதும் ரெண்டு பேரும் மாடியில பத்து நிமிஷம் நடங்க.

வெறும் வயித்துக்கு இலக்கு 95க்குக் கீழ. அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம, அளவு எழுதின நோட்டோட இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. இன்சுலின் போடச் சொன்னா பயம் வேண்டாம், ஊசியில போடுற இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்குப் பெருசாப் போகாது. பிரசவமாகி 6-12 வாரத்துல ஒரு குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்கணும். அதுக்கு உங்க போன்லயே ரிமைண்டர் வெச்சிடுங்க.