காதுத் தக்கை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரத்தில் மரம் கடையும் கடைசல் பட்டறைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு வயது இருபத்து நான்கு. மூன்று ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது வளர்த்து வருகிறேன். இப்போது துளை 12 மி.மீ. துளையில் போடக் கடையில் வாங்கிய அக்ரிலிக் பிளக் நாற்றம் பிடிப்பதால் மரத்தையும், எபாக்சி ரெசின் என்ற செயற்கைப் பிசினையும் சேர்த்து நானே செய்யத் தொடங்கினேன். ஆறு ஜோடி செய்தேன், ஆறும் பாழ். ரெசின் பிசுபிசுக்கிறது, இல்லாவிட்டால் உள்ளே குமிழ் விழுகிறது. சீக்கிரம் இறுகட்டும் என்று, அதை இறுக்கக் கலக்கும் ஹார்டனரைக் கூட்டி ஊற்றியும் பயனில்லை. பழைய வீட்டுக் கூரையின் பனங்கையை (பனைக் கைமரத்தை) அறுத்துச் செய்த ஜோடி ஒரே வாரத்தில் காதைப் புண்ணாக்கிவிட்டது. என்ன மரம் எடுக்கலாம்?

இன்னொன்று. எங்கள் ஆச்சி பாம்படம் என்ற கனத்த காதணி போட்டிருந்தவள். பிறகு காதை அறுத்துத் தைத்துக்கொண்டாள். என் காதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ‘இது நம் மரபுதானே ஆச்சி’ என்று சொன்னால் கோபம் இன்னும் கூடுகிறது. பாம்படத்தை அழித்தபோது உள்ளிருந்து வந்த அரக்குத் துண்டு ஒன்றைப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அதை வாங்கி ரெசினுக்குள் பதித்து ஒரு ஜோடி செய்தால் மனம் மாறுவாளா?

ச., பாளையங்கோட்டை

*

அன்புள்ள ச.,

முதலில் அந்தப் பனங்கை ஜோடியைக் கழற்றி எறியுங்கள். புண் ஆறும்வரை எந்த மரமும் காதில் ஏறக் கூடாது. மரத்துக்கு நுண்துளைகள் உண்டு. சீழையும் ஈரத்தையும் குடித்து வைத்துக்கொள்ளும். கொதிக்க வைத்துக் கழுவலாம் என்றால் வெடித்துவிடும். அதுவரை கண்ணாடியோ எஃகோ, வேண்டுமானால் ஒரு அளவு குறைத்தும் போட்டுக்கொள்ளுங்கள். வீக்கம் இறங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள், எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

நெல்லைச் சீமைக்காரர்களுக்குப் பனை என்றால் ஒரு கிறக்கம். உத்திரத்துக்கும் கைமரத்துக்கும் அதை மிஞ்ச ஆளில்லை, சரி. ஆனால் அறுத்த முகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கருப்பு வரி ஒவ்வொன்றும் ஊசி போன்ற நார்க்கற்றை. இடையில் இருப்பது சோறு என்று சொல்லும் மெத்தென்ற சதை. உப்புத்தாள் போடப்போட சோறு தேய்ந்து குழியும், நார் நிமிர்ந்து நிற்கும். காது வேர்த்தால் அந்த நார் சிலாம்பாக எழும்பிக் குத்தும். முன்னோர் பனையிலிருந்து காதுக்கு எடுத்துக்கொண்டது ஓலையை. ஓலையை இறுகச் சுருட்டித் துளையில் செருகினால் அது விரியப் பார்க்கும்; பிரியப் பிரியத் துளையும் அகலும். குதம்பை என்று அதற்குப் பெயர். பனங்கை உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமானால் முகப்பில் மட்டும் ஒரு சில்லு வைத்து ரெசினால் மூடுங்கள். தோலில் உரசும் இடத்தில் வேண்டாம்.

மரம் எது என்று கேட்கிறீர்கள். உங்கள் தெருக் கறிக்கடையில் கட்டை எந்த மரம் என்று பாருங்கள், பெரும்பாலும் புளியாகத்தான் இருக்கும். நாள் முழுக்கக் கத்தி விழுந்தும் சிலாம்பு கிளம்பாத மரம் அது. அதன் வைரம், அதாவது உள்கட்டை, கரும்பழுப்பு. கடைந்தால் கல் போல வழவழக்கும். வெளிறிய வெளிப்பகுதியை விட்டுவிட்டு வைரத்தை மட்டும் எடுங்கள். சாலையை அகலப்படுத்த எத்தனை புளிய மரங்களைச் சாய்த்திருக்கிறார்கள்! விறகுக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அடுத்தது நாம் எல்லாரும் வைதுகொண்டே இருக்கும் சீமைக்கருவேலம். காயும்போது அதிகம் சுருங்காது, நிறமும் நல்ல செம்பழுப்பு. வெட்டினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். எட்டி, அரளி இரண்டையும் தொடவே வேண்டாம், விஷம். கருங்காலி என்று இப்போது மாலை மாலையாக விற்கிறார்களே, அதை வாங்கினால் ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். துணி கருத்தால் அது சாயம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய தக்கைப் படங்களைப் பார்த்தேன். முகப்புக்கு எவ்வளவோ உழைத்திருக்கிறீர்கள், கழுத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள். தக்கை என்பது கிணற்றுக் கப்பியைச் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சிறிதாக்கியது. இரு பக்கமும் விளிம்பு, நடுவில் ஒடுங்கிய கழுத்து. தமிழ்நாட்டு அகழாய்வுகளில் கிடைக்கும் சுடுமண் காதணிகளிலும் இதே வடிவம் உண்டு. உங்கள் துளைக்குக் கழுத்து 12 மி.மீ., விளிம்பு 13 மி.மீ.க்குச் சற்று மேலே இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் நுழைக்கும்போது தோல் கிழியும். இரண்டு தக்கையையும் காலிப்பர் என்ற அளவுகருவியால் அளந்து பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். உப்புத்தாளில் சொரசொரப்பான 120ஆம் எண்ணில் தொடங்கி 220, 400, 800 என்று ஏறுங்கள். நடுவில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார் எழும். அதை மறுபடி தேய்க்க வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு ஒரு துளி பஞ்சைப் பிரித்துக் கழுத்தில் சுற்றி இழுத்துப் பாருங்கள். ஒரே ஒரு இழை சிக்கினாலும் வேலை முடியவில்லை என்று பொருள். கடைசியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, தேன்மெழுகு பூசினால் போதும்.

மரத்தின் வரி முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மருமகளுக்கு ஒரு ஜோடி செய்தபோது வரி முகப்பில் அலையலையாகத் தெரியட்டும் என்று குறுக்கே வைத்துக் கடைந்தேன். கொள்ளை அழகு. ஐப்பசி அடைமழையில் ஈரம் குடித்து வட்டம் முட்டையாகிவிட்டது. கழற்ற முடியாமல் அவள் அழுததை இன்றும் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இனி ரெசின். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது தப்புக் கணக்கு. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று பிணைந்துதான் கெட்டியாகின்றன. இணை கிடைக்காத ஹார்டனர் அப்படியே உள்ளே தங்கும். பிசுபிசுப்புக்கு அதுதான் காரணம். அது தோலுக்கும் ஆகாது. எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் ஆயுளுக்கும் விடாது. ஆகவே அந்த ஆறு ஜோடியில் பிசுபிசுக்கும் எதையும் காதில் போடாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா அளவுக்கா என்று வாசியுங்கள். எடைக்கு என்றால் பொன் நிறுக்கும் சின்னத் தராசு வாங்குங்கள். நிதானமாக நாலு நிமிடம் கலக்கி, வேறு கிண்ணத்துக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். சாரல் காலத்தில் ஊற்றினால் ஈரக் காற்று பட்டு மேலே மெழுகு போல ஒரு படலம் படியும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

குமிழ் மரத்திலிருந்து வருகிறது. ரெசின் சூடாகும்போது மரத்துக்குள் இருக்கும் காற்று கிளம்பி மேலே வரும். மாதக்கணக்கில் நிழலில் காய்ந்த துண்டை எடுத்து, முதலில் மெல்லிதாக ஒரு பூச்சுக் கொடுத்து, அது இறுகிய பின் மிச்சத்தை ஊற்றுங்கள். ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டுத்தான் கடைய வேண்டும். கடையும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

அரக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அரக்கும் ஒரு பிசின்தானே, பூச்சி சுரப்பது. பாம்படம் என்பதே மெல்லிய பொன் தகட்டுக்குள் அரக்கை அடைத்த பண்டம். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர், சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறும். ரெசினுக்குள் வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கனமாக ஊற்றினால் ரெசின் கொதிநீர் போலச் சுடும், அரக்கு அதற்கு முன்பே இளகிவிடும். மூன்று மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டராக ஆற ஆற ஊற்ற வேண்டும். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவும் கூடாது, கரைந்துபோகும்.

ஆனால் அந்தத் துண்டை ஆச்சியிடம் கேட்காதீர்கள்.

ஆண்பிள்ளைக்கு எதற்குக் காது என்று யாராவது கேட்டால் சொல்ல, பக்கத்து வில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரே இருக்கிறார். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் காது பெருக்கித் திரிகிறார்கள் பார் என்றுதான் அவருடைய யசோதை கண்ணனைக் காதுக்குத் திரியிடக் கூப்பிடுகிறாள். தெருவில் கேட்பவர்களுக்கு அந்தப் பதில் போதும். ஆச்சியிடம் மரபு என்று சொல்வது வேறு. அவருக்குப் பச்சைக் குழந்தையிலேயே காதைக் குத்தி, பஞ்சைத் திணித்து, துளை இறங்க ஈயக் குணுக்கு என்ற கனத்த வளையத்தைத் தொங்கவிட்டிருப்பார்கள். யாரும் அவரைக் கேட்டுச் செய்யவில்லை. உங்கள் 12 மி.மீ. நீங்களாக விரும்பி வளர்த்தது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

நாங்குநேரிப் பக்கத்து என் அத்தை ஒருத்தி மகள் வீட்டுக்குச் சென்னை போனாள். மாடி வீட்டுப் பிள்ளைகள் அவள் காதுத் துளைக்குள் விரலை விட்டு விளையாடின. மூன்றாம் மாதம் ஊருக்கு வந்து தைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் யாராவது கூப்பிட்டால் தலையைச் சட்டென்று திருப்ப மாட்டாள். பாம்படம் கன்னத்தில் அடிக்கும் என்று மெதுவாகத் திருப்பிய பழக்கம், சாகும்வரை போகவில்லை. எதற்காகத் தைத்தாய் என்று நாங்கள் யாரும் அவளைக் கேட்டதில்லை. உங்கள் ஆச்சி எதற்காகத் தைத்துக்கொண்டார் என்று உங்கள் கடிதத்திலும் இல்லை.

என்னிடம் ஒரு முழ நீளப் புளிய வைரம் இருக்கிறது. மூன்று வருடம் பரணில் காய்ந்தது. காது ஆறிய பிறகு வந்து வேண்டியதை அறுத்துக்கொண்டு போங்கள். வரும்போது உங்கள் காலிப்பரைக் கொண்டுவாருங்கள், என்னுடையது துருப்பிடித்துக் கிடக்கிறது.